கை தானா போகுது

"மனசு வச்சா விட்டுடலாம்"னு யார் சொன்னாலும் எனக்கு சுருக்குனு கோவம் வந்துடும். நகம் கடிக்கிற குழந்தைகிட்ட சொல்றாங்க, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் மொபைல் பாக்குற பையன்கிட்ட சொல்றாங்க, வருஷக்கணக்கா சிகரெட் பிடிக்கிற மனுஷன்கிட்ட நாலு பேர் முன்னாடி வச்சே சொல்றாங்க. அக்கறையில தான் சொல்றாங்க, அதுல சந்தேகமே இல்ல. ஆனா கேக்குறவங்க காதுல விழுறது "உனக்கு மனசு இல்ல"ங்கிறது மட்டும் தான். ஏற்கனவே ஒரு பழக்கம், இப்போ அதோட சேந்து ஒரு அவமானம், அந்த அவமானம் தாங்காம அவங்க மறுபடி போய் நிக்கிறது அதே பழக்கத்துகிட்ட.

இத பத்தி ரொம்ப நாளா தேடித் தேடிப் படிச்சுட்டு இருக்கேன், படிக்கப் படிக்க எனக்குப் புரிஞ்சது என்னன்னா பழக்கத்துல முக்காவாசி நம்ம மனசுக்கு வெளிய தான் கெடக்கு. நாம நிக்கிற எடம், அந்த நேரம், கூட இருக்குற ஆளு, அதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி நாம செஞ்ச காரியம், இதுல தான் அது ஒட்டிக்கிட்டு இருக்கு. அங்க கை வைக்காம மனச மட்டும் புடிச்சு உலுக்கினா எதுவும் நகராது.

எங்க வீட்ல ஒரு ரூம்ல வேலை நடந்தப்போ லைட் சுவிட்ச கதவுக்கு இடது பக்கத்துலேருந்து வலது பக்கத்துக்கு மாத்தினாங்க. பகல்ல யாராவது "சுவிட்ச் எங்க"ன்னு கேட்டா உடனே வலது பக்கம்னு சொல்லிடுவேன். ஆனா ராத்திரி எதையோ யோசிச்சுக்கிட்டே உள்ள நுழைஞ்சா இடது கை தன்னால தூக்கி வெறும் செவுத்தத் தடவும், விரல் அந்தப் பழைய பலகை இருந்த எடத்துல பூசின சிமெண்ட் மேட்ட தொடுற வரைக்கும் எனக்கே தெரியாது. களைப்பா இருந்தா நிச்சயம் இடது பக்கம் தான், கவனமா இருந்தா வலது. எனக்குத் தெரிஞ்சது வேற, கைக்குத் தெரிஞ்சது வேறன்னு ரெண்டும் ஒரே உடம்புல இருந்துச்சு. இதுக்காக யாரும் என்னப் பாத்து உனக்கு மன உறுதி போதாதுன்னு சொல்லல. சிகரெட்டுக்கு மட்டும் ஏன் சொல்றோம்? அதுல நிகோடினும் சேந்து இருக்கு, அதனால இன்னும் கஷ்டம், அவ்ளோ தான். சட்டைப் பாக்கெட்டுக்குத் தானா போற அந்தக் கையும் செவுத்தத் தடவின இந்தக் கையும் ஒரே மாதிரி தான் பழகியிருக்கு.

2011-ல டேவிட் நீல், வெண்டி வுட் இவங்க எல்லாம் சேந்து செஞ்ச ஒரு ஆராய்ச்சி இருக்கு, எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது. சினிமா தியேட்டருக்கு வந்தவங்களுக்கு பாப்கார்ன் குடுத்தாங்க, சில பேருக்கு அப்பவே பொரிச்சது, சில பேருக்கு ஏழு நாள் பழசு. தியேட்டர்னாலே பாப்கார்ன்னு பழகாதவங்க பழச கொஞ்சம் வாயில போட்டுட்டு வச்சுட்டாங்க. பழகினவங்க? நல்லாவே இல்லன்னு சொல்லிக்கிட்டே, புதுசு வாங்கினவங்க எவ்ளோ சாப்பிட்டாங்களோ அவ்ளோ சாப்பிட்டாங்க. அதே மாதிரி பழக்கம் உள்ளவங்கள ஒரு மீட்டிங் ரூம்ல உக்கார வச்சு மியூசிக் வீடியோ போட்டுக் குடுத்தப்போ பழசக் கொறச்சுத் தான் சாப்பிட்டாங்க. தியேட்டர்லயே இன்னொரு தடவ, வழக்கமா சாப்பிடாத கையால தான் சாப்பிடணும்னு சொன்னாங்க, அப்பவும் பழசு மிஞ்சிடுச்சு. கைய மாத்தின உடனே வாய்க்கு ருசி தெரிய ஆரம்பிச்சுடுச்சுன்னு தான் சொல்லணும்.

அதுக்கும் முன்னாடி, 1982-ல கேம்பிரிட்ஜ்ல கிறிஸ்டோபர் ஆடம்ஸ் எலிகள வச்சு இதையே வேற விதமா பாத்தார். கூண்டுல இருக்குற ஒரு சின்ன நெம்புகோல, அதாவது லிவர, அமுக்கினா சர்க்கரை உருண்டை வரும். சில எலிகளுக்கு 100 தடவ மட்டும் பழக்கம், சிலதுக்கு 500 தடவ. அப்புறம் அந்தச் சர்க்கரையத் தின்னா உடம்பு குமட்டுற மாதிரி பண்ணிட்டார். 100 தடவ பழகினது எல்லாம் லிவர அமுக்குறத கொறச்சுடுச்சு. 500 தடவ பழகினது அமுக்கிக்கிட்டே இருந்துச்சு, அந்தச் சர்க்கரை இப்போ அதுக்குப் பிடிக்கவே பிடிக்காது, இருந்தும். ஒரு செயல் பலன விட்டுப் பிரிஞ்சு தனியா நிக்க ஆரம்பிக்கிற எடம் இது தான். "இதுல என்ன சுகம் இருக்குன்னு இன்னும் பண்றே?"ன்னு கேக்குறோமே, அவங்களுக்கும் பதில் தெரியாது, ஏன்னா சுகம் எப்பவோ போயிருக்கும்.

மூளைக்குள்ள இது எப்படி நடக்குதுங்கிறத ரொம்ப வருஷமா பாத்துட்டு வர்றவங்க அமெரிக்காவுல எம்.ஐ.டி பல்கலைக்கழகத்துல ஆன் கிரேபியல். டி வடிவத்துல ஒரு பாதை, அதுல எலி ஓடி எந்தப் பக்கம் திரும்பணும்னு ஒரு சத்தம் சொல்லும், சரியா திரும்பினா முடிவுல ஒரு பரிசு கெடைக்கும். ஆரம்பத்துல எலி ஓடுற நேரம் முழுக்க பேசல் கேங்க்ளியாங்கிற உள் பகுதியில நரம்பு செல்கள் துடிச்சுக்கிட்டே இருக்கு. நல்லா பழகின பின்னாடி துடிப்பு ஆரம்பத்துலயும் முடிவுலயும் மட்டும் தான், நடுவுல அமைதியாயிடுது. மொத்த ஓட்டமும் ஒரே துண்டா சுருட்டி வச்ச மாதிரி ஆயிடுது, முனையத் தொட்டா போதும், மிச்சம் தானா அவிழுது. 2005-ல அவங்க குழு பாத்தது இன்னும் முக்கியம். பரிச எடுத்துட்டாங்க, அந்தத் துடிப்பு மறைஞ்சுடுச்சு. சரி பழக்கம் அழிஞ்சுதுன்னு நெனைக்கும்போது பரிசத் திரும்ப வச்சாங்க, பழைய துடிப்பு அப்படியே திரும்பி வந்துடுச்சு. அழியல, உள்ள எங்கயோ இருந்திருக்கு.

அதே 2005-ல சான் டியாகோவுல லேரி ஸ்கொயர் குழு ஒரு மனுஷர வச்சு எழுதினது இருக்கு. ஆராய்ச்சிக் கட்டுரைகள்ல அவருக்கு வெறும் ரெண்டு எழுத்து தான் பேரு, இ.பி. மூளையத் தாக்குன வைரஸ் காய்ச்சலால புதுசா எதையும் ஞாபகம் வச்சுக்க முடியாம போயிட்டார். அவர் முன்னாடி எட்டு ஜோடிப் பொருள், ஒவ்வொரு ஜோடியிலயும் ஒண்ணு சரி, ஒண்ணு தப்பு. வாரக்கணக்கா திரும்பத் திரும்ப. ஒவ்வொரு தடவையும் எதுக்கு இதெல்லாம்னு தெரியாமத் தான் உக்காருவார், ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமா கை சரியானத எடுக்க ஆரம்பிச்சுடுச்சு. எப்படின்னு கேட்டா, தலையக் காட்டி எப்படியோ இங்க இருக்கு, கை அதுக்குப் போகுதுங்கிற மாதிரி சொல்லியிருக்கார். அப்புறம் அந்தப் பதினாறு பொருளையும் மொத்தமா மேசையில பரப்பி, சரியானத எல்லாம் பிரிச்சு வைங்கன்னாங்க. முடியல, குருட்டாம்போக்குல எடுத்த மாதிரி ஆயிடுச்சு. கேள்வி வந்த விதம் மாறின உடனே கைக்குத் தெரிஞ்சது உதவாமப் போச்சு. ஞாபகமே இல்லாத ஒருத்தருக்குப் பழக்கம் வரும்னா, அது எவ்ளோ ஆழத்துல நடக்குதுன்னு யோசிச்சுப் பாருங்க, அங்க போய் அறிவுரை எப்படி எட்டும்?

வெண்டி வுட் 2002-ல இன்னொண்ணும் பாத்திருந்தாங்க. மாணவர்கள்கிட்ட மணிக்கு ஒரு தடவ அலாரம் அடிக்கும், அந்த நிமிஷம் என்ன செய்றோம், என்ன யோசிக்கிறோம்னு எழுதணும். செய்ற காரியத்துல கிட்டத்தட்ட 43 சதவீதம் தினமும் அதே சூழல்ல நடக்குற பழக்கம், அதுல பெரும்பாலும் கை ஒண்ணு செய்ய மனசு வேற எங்கயோ. எனக்கு இது பயமா தெரியல, சொல்லப்போனா நிம்மதியா இருந்துச்சு. பல் தேய்க்கிறதுக்கும் சட்டை பட்டன் போடுறதுக்கும் ஒவ்வொரு தடவையும் முடிவெடுக்கணும்னா காலையில பத்து மணிக்கே நாம ஓஞ்சு போயிடுவோம். இந்த வசதிய நமக்குக் குடுத்த அதே மூளை தான் நமக்குப் பிடிக்காத பழக்கத்தையும் அதே நேர்மையோட காப்பாத்தி வைக்குது, நல்லது கெட்டதுன்னு பிரிச்சுப் பாக்க அந்தப் பகுதிக்குத் தெரியாது.

மொபைல் பத்தி சொல்லியே ஆகணும். வோல்ஃப்ராம் ஷூல்ஸ்னு ஒரு மூளை ஆராய்ச்சியாளர் குரங்குகள்கிட்ட பாத்தது: பழச்சாறு திடீர்னு கெடச்சா மூளையில டோபமைன்ங்கிற ரசாயனத்த சுரக்குற செல்கள் துடிக்கும். வெளிச்சம் வந்தா சாறு வரும்னு கத்துக்கிட்ட பின்னாடி துடிப்பு வெளிச்சத்துக்கே போயிடுது, சாறு வரும்போது ஒண்ணும் இல்ல. அதாவது ஆசை பொருள்லேருந்து அறிகுறிக்கு இடம் மாறிடுது. மொபைல் அதிர்ற அந்த நொடி தான் நமக்கு அந்த வெளிச்சம். அது போதாதுன்னு, எந்தத் தடவ நல்ல சேதி வரும் எந்தத் தடவ வராதுன்னு தெரியாத மாதிரி இருந்தா பழக்கம் இன்னும் கெட்டியா பிடிக்கும்னு பி.எஃப். ஸ்கின்னர் புறாக்கள வச்சு அப்பவே காட்டிட்டார், சூதாட்ட மெஷினும் அந்தக் கணக்குல தான் ஓடுது. கீழ இழுத்தா புதுசா ஏதோ வரும், வராமலும் போகும். இத இவ்ளோ கவனமா செதுக்கி ஒரு பதினாலு வயசுப் பையன் கையில குடுத்துட்டு உனக்குக் கட்டுப்பாடு இல்லன்னு அவனத் திட்டுறது எனக்குப் பெரிய அநியாயமா படுது.

சரி, தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு கைய விரிச்சுடலாமா? அதுவும் இல்ல. பழசு அழியாதுங்கிறது உண்மை, ஆனா அது கூப்பிட்டாத் தான் வரும். யார் கூப்பிடுறாங்கன்னு பாத்தா வழி இருக்கு.

1971-ல வியட்நாம்லேருந்து திரும்பின அமெரிக்கச் சிப்பாய்கள லீ ராபின்ஸ் பின்தொடர்ந்து பாத்தாங்க. அங்க இருந்தப்போ ஏறக்குறைய அஞ்சுல ஒருத்தருக்கு ஹெராயினுக்கு அடிமைன்னு சொல்ற அளவுக்குப் பழக்கம். நாடே பயந்து போயிருந்துச்சு. அப்படி அடிமையானவங்கள்ல ஊர் திரும்பின பத்து மாசத்துக்குள்ள மறுபடி அடிமையானது 5 சதவீதம் பேர் தான், மூணு வருஷத்துல கொஞ்ச காலமாவது மறுபடி விழுந்தவங்களச் சேத்தாலும் 12 சதவீதம். அந்தப் பயம், அந்தச் சலிப்பு, கூட உக்காந்து புகைச்ச கூட்டாளி, சல்லிசா கெடச்ச சரக்கு எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் நின்னுபோச்சு. ஊர்லயே பழகி, ஊர்லயே சிகிச்சை எடுத்து, அதே தெருவுக்குத் திரும்புறவங்களுக்கு ஏன் இவ்ளோ கஷ்டமா இருக்குங்கிறதுக்கும் இதுல பதில் இருக்கு. (இங்க ஒண்ணு சொல்லிடுறேன், குடி மாதிரி உடம்பே பழகிட்ட விஷயத்த டாக்டர் இல்லாம திடீர்னு நிறுத்தக் கூடாது, ரொம்ப நாள் அதிகமா குடிச்சவங்களுக்கு வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து ஆகலாம். நான் எழுதுறது மருந்துக்கு மாத்து இல்ல.)

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் சிகரெட்ட விட்டு சில வருஷம் ஆயிருந்துச்சு. ஆசையே வர்றதில்லன்னு சொல்லுவார், அது பொய்யும் இல்ல. ஒரு வேலையா பழைய ஆபீஸ் கட்டடத்துக்குப் போனவர், லிஃப்ட் வராததால பின்பக்க மாடிப்படியில ஏறியிருக்கார், ரெண்டாவது மாடி திருப்பத்துல அந்த ஜன்னல், அங்க தான் எல்லாரும் நின்னு புகைப்பாங்க. வாயில எச்சில் ஊறி, கை சட்டைப் பாக்கெட்டுக்குப் போயிடுச்சாம். "இத்தன வருஷம் விட்டதும் வேஸ்ட்டு தான் போல"ன்னு அவர் சொன்னப்போ அவர் மொகம் வாடின விதம் இன்னும் ஞாபகம் இருக்கு. வேஸ்ட்டு எல்லாம் ஒண்ணும் இல்ல. மார்க் பௌட்டன் மாதிரி ஆட்கள் பல வருஷமா எலிகள்கிட்ட காட்டுறது இது தான், ஒரு பழக்கத்த ஒரு எடத்துல மறக்கடிச்சா அந்த மறதி அந்த எடத்துக்குத் தான் நல்லா பிடிக்குது, பழைய எடத்துக்குக் கொண்டு போனா பழசு எட்டிப் பாக்கும். அவருக்கு வந்தது தோல்வி கெடையாது, அந்த ஜன்னல்கிட்ட அவர் இன்னும் விட்டுப் பழகல, அவ்ளோ தான். இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா அவ்ளோ கலங்கியிருக்க மாட்டார்.

அதனால மாத்தணும்னு நெனைக்கிறவங்க முதல்ல சூழல்ல கை வைக்கிறது தான் சுலபம்னு நான் நம்புறேன். படுக்கைக்கு எட்டுற தூரத்துல சார்ஜர் இருந்தா மொபைல் ஜெயிக்கும், அடுத்த ரூம்ல இருந்தா தூக்கம் ஜெயிக்கும். மன உறுதிக்கு இங்க வேலையே கம்மி, சாயங்காலம் ஒரு தடவ சார்ஜர இடம் மாத்துறதுக்குத் தேவைப்படுற அளவு தான். வீடு மாறுற சமயம் இதுக்குத் தங்கமான சமயம். பாஸ் வெர்பிளாங்கன் 2016-ல வெளியிட்டதுல, புதுசா வீடு மாறினவங்க சுற்றுச்சூழலுக்கு நல்ல பழக்கங்களுக்கு சுலபமா மாறினாங்க, ஆனா அந்த வாய்ப்பு வீடு மாறின முதல் மூணு மாசம் போல தான் தொறந்து இருந்துச்சு. அதுக்குள்ள புதுச நட்டுடணும், இல்லன்னா பழைய வீட்டுப் பழக்கமே புது வீட்லயும் குடி வந்துடும்.

எல்லாராலயும் வீடு மாற முடியாதே. அப்போ பீட்டர் கோல்விட்சர் சொன்ன வழி ஒண்ணு இருக்கு, கேக்க ரொம்பச் சாதாரணமா இருக்கும். "இனிமே தெனம் நடக்கணும்"னு தீர்மானம் போடாம, "சாப்பிட்டுத் தட்டக் கழுவி வச்ச உடனே செருப்ப மாட்டுவேன்"னு, எப்போ எங்கங்கிறதையும் சேத்து முடிவு பண்றது. 2006-ல 94 ஆய்வுகளத் தொகுத்துப் பாத்தப்போ வெறும் தீர்மானத்த விட இது நல்லாவே வேலை செய்யுதுன்னு வந்துச்சு. தட்டு கழுவுறது எப்படியும் நடக்கும், அது போய் அடுத்தத ஞாபகப்படுத்திடும்.

ஒரு புதுப் பழக்கம் ஒட்ட எத்தன நாள் ஆகும்னு கேட்டா எல்லாரும் 21 நாள்னு சொல்றாங்க, இந்த எண் பண்ற கெடுதல் கொஞ்சநஞ்சம் இல்ல. மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், மொகத்துல ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களுக்கு தன் புது மொகம் பழக குறைஞ்சது ஒரு 21 நாள் ஆகுதுன்னு 1960-ல எழுதினார். வாய் மாறி வாய் போனதுல "குறைஞ்சது" காணாமப் போச்சு, மொகமும் காணாமப் போச்சு, எண் மட்டும் நின்னுடுச்சு. லண்டன்ல ஃபிலிப்பா லாலி 96 பேர 84 நாள் பாத்து 2010-ல வெளியிட்டதுல நடுவான கணக்கு 66 நாள், ஆனா ஒருத்தருக்கு 18, இன்னொருத்தருக்கு 254. அந்த 254-ங்கிற எண், 84 நாள் வரைக்கும் பழக்கம் கூடின வேகத்த வச்சு, மேல எவ்ளோ நாள் ஆகும்னு கணக்குப் போட்டு வந்தது. ஒரு டம்ளர் தண்ணி குடிக்கிறது சீக்கிரம் ஒட்டிக்கிச்சு, உடற்பயிற்சி இழுத்துச்சு. 22-வது நாள் காலையிலயும் எழுந்திரிக்க கஷ்டமா இருந்து "எனக்கு இது வராது"ன்னு விட்டவங்க எத்தன பேரோ, பாவம், அவங்களுக்கு இன்னும் பாதி தூரம் கூட ஆகியிருக்காது.

லாலி ஆராய்ச்சியிலேருந்து எல்லாருக்கும் நான் சொல்ல விரும்புறது ஒண்ணு உண்டு, ஒரு நாள் தவறிட்டா பெருசா ஒண்ணும் ஆகல, அடுத்த நாள் தொடர்ந்தவங்களுக்குப் பழக்கம் அதே வழியில தான் கூடிச்சு. வில்லியம் ஜேம்ஸ்ங்கிற அமெரிக்க மனோதத்துவ அறிஞர் 1890-ல எழுதும்போது புதுப் பழக்கம் வேரூன்றுற வரைக்கும் ஒரு தடவ கூட தவற விடாதன்னு சொன்னார். அவர் பழக்கத்த பத்திச் சொன்ன பலது இன்னைக்கும் நிக்குது, ஆனா இதுல நான் லாலி பக்கம். ஒரு நாள் தவறினதுக்கு மொத்தமா கைவிட்டவங்கள நிறைய பாத்திருக்கேன்.

என் அக்கா பொண்ணு நகம் கடிப்பா. விரல் நுனி செவந்து, சில சமயம் ரத்தம் கசியும். அடி, திட்டு, கசப்பு மருந்து, எல்லாம் ஆச்சு. ஒரு நாள் அவகிட்ட மெதுவா கேட்டப்போ, "சித்தி, நான் கடிக்கலாம்னு நெனைக்கிறதே இல்ல, எனக்கே தெரியாம கை போயிடுது"ன்னா. இ.பி. சொன்னதும் கிட்டத்தட்ட இது தானே, எனக்கு அப்படியே நெஞ்சு அடைச்சுக்கிச்சு. 1973-ல நாதன் அஸ்ரினும் கிரெகரி நன்னும் எழுதின முறை இதுக்குன்னே இருக்கு, நகம் கடிக்கிறது, முடி பிடுங்குறது, தன்னால வர்ற ஜெர்க்கு எல்லாத்துக்கும் இன்னைக்கு வரைக்கும் சிகிச்சையில பயன்படுத்துறாங்க. அதுல தடுக்கிறது ரெண்டாவது வேலை, முதல் வேலை கவனிக்கிறது. கை எப்போ கெளம்புது, கெளம்புறதுக்கு முன்னாடி என்ன ஆகுது?

நானும் அவளும் உக்காந்து பாத்தோம். கணக்குப் பாடத்துல வழி தெரியாம நிக்கும்போது தான் அதிகம். நேரா வாய்க்கும் போறதில்ல, முதல்ல கட்டை விரல் மத்த விரல் நகத்து ஓரத்த ஒவ்வொண்ணா தடவிப் பாக்குது, எங்கயாவது ஒரு பிசிறு தட்டுப்பட்டா தான் கை மேல ஏறுது. இத அவளே தான் கண்டுபிடிச்சா, கண்டுபிடிச்ச சந்தோஷத்துல "சித்தி இங்க பாரு, இங்க பாரு"ன்னு திரும்பத் திரும்பக் காட்டினா. அதுக்கப்புறம் ஒரு நகவெட்டியும் அரமும் புத்தகப் பைக்குள்ள போச்சு, பிசிறு இருந்தா தேய்ச்சுடணும். கட்டை விரல் தடவ ஆரம்பிச்சா உடனே ரெண்டு கையையும் இறுக்கி மூடி ஒரு நிமிஷம் போல வச்சுக்கணும், இல்லன்னா ரப்பரப் புடிச்சுக்கணும். அக்காகிட்ட ஒண்ணே ஒண்ணு தான் கேட்டேன், கடிக்கும்போது கையத் தட்டி விடாத, கை மூடியிருக்கிறதப் பாத்தா மட்டும் நல்லா இருக்குன்னு சொல்லுன்னு. அக்காவுக்கு அது தான் பெரிய கஷ்டமா இருந்துச்சு, ஏன்னா தட்டி விடுறது அவளுக்குப் பழக்கம் ஆயிடுச்சு.

இப்போ எட்டு விரல்ல நகம் வெள்ளையா தெரியுது, ரெண்டு சுண்டு விரல் மட்டும் இன்னும் பாக்கி. அடுத்த மாசம் பரீட்சை, அப்போ திரும்ப வரும்னு அவளுக்கும் தெரியும், அக்காவுக்கும் சொல்லியாச்சு. வந்தா திட்டக் கூடாது, அரம் பையில இருக்கான்னு பாத்துட்டு கட்டை விரல்லேருந்து மறுபடி ஆரம்பிக்கணும்னு பேசி வச்சிருக்கோம்.